தோல் என்று படித்தேன்

என் மகனுக்கு,

போன மாதம் நீ போட்ட கார்டு கிடைத்தது. தை மாதக் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது உன் அறையையும் சேர்த்து அடித்துவிடச் சொல்லியிருந்தாய். மூலையில் கிடக்கும் தகரப் பெட்டியைப் பற்றி ஒரே வரி. "அதில் இருப்பதெல்லாம் பழைய குப்பை, நோட்டுகளை அம்மா வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்ளட்டும்." அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். அன்றிலிருந்து நான் எழுதுகிற பத்திரம் ஒவ்வொன்றிலும் அடித்தலும் திருத்தலும்தான். ரிஜிஸ்தர் ஆபீஸில் என்னைப் பார்த்து, கண்ணாடி மாற்றுங்கள் பிள்ளைவாள் என்று கேலி செய்கிறார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

சுற்றி வளைத்து எழுதத்தான் எனக்குத் தெரியும். பத்திர எழுத்தனின் பிழைப்பே அதுதான். ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வடக்கே இருக்கிற பறவை, விலங்கு ஆராய்ச்சிச் சங்கத்தார் நடத்திய பயிற்சிக்கு நீ மனுப் போட்டாயே, அதில் நீ தேறியிருந்தாய். உனக்குக் கடிதம் வந்தது. அதை நான் வாங்கினேன், நான் பிரித்தேன், உன் கையெழுத்தை நானே போட்டு, எனக்கு விருப்பமில்லை என்று உன் பெயரில் பதிலும் எழுதினேன். உன்னை அவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக இந்த நிமிஷம் வரை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். உன்னை யாரும் தள்ளவில்லை. உன் அப்பன்தான் தள்ளினான்.

உட்கார். நின்றுகொண்டே படிக்கிறவன் நீ. மீதியை உட்கார்ந்து படி.

பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு நீ ஊருக்கு வந்தபோது, ஏதாவது ஹைஸ்கூலில் வாத்தியார் வேலை கிடைக்கும் என்று நானும், கிடைக்காமலே இருந்தால் நல்லது என்று நீயும் காத்திருந்த காலம் அது. விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுப் பக்கம் போய்விடுவாய். இளையரசனேந்தல், அதற்கும் அப்பால். வருகிறபோது வேட்டி முழுக்க ஒட்டுப்புல். மாதம் ஒருமுறை அந்தச் சங்கத்தின் பத்திரிகை தபாலில் வரும். மெலிந்த காகிதம், பதினாறு பக்கம், படம்கூட அதிகம் இருக்காது. எந்த ஜில்லாவில் யார் எந்த மிருகத்தைப் பார்த்தார், எந்தப் பறவை இந்த வருஷம் சீக்கிரம் வந்தது என்று ஊர் ஊராகச் செய்தி. கடைசிப் பக்கத்தில் வேலைகளும் பயிற்சிகளும் இருக்கும். நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது உன் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை வருகிற கடன்காரனைப் பார்ப்பதுபோல அந்தப் பத்திரிகையை நான் பார்ப்பேன். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாய்.

ஒருமுறை உன் பெயர் அதில் வந்தது. குளிர்காலத்தில் வெளிதேசத்திலிருந்து வந்து, நம் கரிசலில் புல்லுக்குள் தரையிலேயே அடைகிற பூனைப்பருந்துகளைப் பற்றி நீ எழுதியது. மொத்தம் ஏழு வரி. அடியில் உன் பெயரும் சங்கரன்கோவில் என்று ஊர்ப் பெயரும். அச்சில் நம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் பார்த்ததும் என் நெஞ்சு விம்மியது. ஆனால் உன்னிடம் நான் சொன்னது என்ன? "ஏலே, பருந்தை எண்ணுததுக்கா ஒன்ன பாளையங்கோட்டைக்கு அனுப்புனேன்?" நீ சிரித்தாய். நான் கேலியாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாய். பாதி கேலிதான், மீதியைப் பற்றி எனக்கே அப்போது தெரியாது.

அந்தப் பருந்துகளைக் காட்டுவதற்கு என்னையும் ஒருநாள் கூட்டிப் போனாய். இளையரசனேந்தல் பஸ்ஸில் போய் இறங்கி, பருத்திக் காட்டு வரப்பில் என்னை நடக்க வைத்தாய். கருவேல முள் குத்தியது, நான் உன்னையும் உன் வாத்தியார்களையும் ஏசிக்கொண்டே வந்தேன். பொழுது இறங்கும் நேரத்தில் வடக்கேயிருந்து ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. இறக்கையை அசைக்காமல், புல்லின் தலையை உரசுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் வந்து வந்து அமிழ்ந்தன. "அப்பா, வெள்ளையா இருக்குல்லா, அது ஆணு. அந்தா, பழுப்பா வருதே, அது பொட்டை. எத்தன ஆயிரம் மைல் தாண்டி வாரது தெரியுமா, நம்ம மண்ணுல படுக்கதுக்கு." அப்போது நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பஸ்ஸு போயிரும், கெளம்புலே." மகனே, அது ஒரு சிறு விஷயம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உனக்குப் புரியாத ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினால், பஸ் போனால் போகட்டும் என்று நில்.

அந்தப் பயிற்சி அறிவிப்பு வந்ததும் கடைசிப் பக்கத்தில்தான். அந்தந்த வட்டாரத்தில் இருந்துகொண்டே காட்டு விலங்கும் பறவையும் ஆராய்கிறவர்களுக்கு வடக்கே ஒரு வருஷப் பயிற்சி. முடித்தால் அவர்களே கள ஆய்வு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நீ மனுவை நாலு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாம் தரம் அனுப்பினாய். அனுப்பிவிட்டுக் கோமதி அம்மன் சந்நிதியில் போய் நின்றாய் என்று உன் அம்மா சொன்னாள். கோயிலுக்குப் போ என்று நான் அடித்தாலும் போகாதவன் நீ.

பதில் வந்த அன்று நீ சிவகிரிக்கு மலையடிவாரம் பார்க்கப் போயிருந்தாய், வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு. நம் வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் கடிதம் எதையும் நான்தான் பிரிப்பேன், அது உனக்கும் தெரியும். பிரித்தேன். உன்னைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சி என்று முதல் வரி. உண்மையைச் சொல்கிறேன், நான் எழுந்துவிட்டேன், உன் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் இரண்டாவது வரி. முதல் நான்கு மாதம் பிரிப்பரேஷன் ஆஃப் ஸ்கின்ஸ் கற்றுத்தரப்படும் என்று எழுதியிருந்தது. ஸ்கின் என்றால் தோல். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். ஆனாலும் பத்திர எழுத்தன் அல்லவா, சந்தேகத்துக்கு அகராதியை எடுத்துப் பார்த்தேன். அகராதியும் தோல் என்றுதான் சொன்னது. தோல் பதனிடுதல். முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத சைவ வீட்டில் பிறந்த பிள்ளை, பி.எஸ்ஸி. படித்த பிள்ளை, வடக்கே போய் நாலு மாதம் தோல் உரித்துப் பதனிடப் போகிறான் என்று புரிந்துகொண்டேன். அப்போது உன் தங்கைக்குத் தென்காசியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று நாம் கேட்பதுபோல, அண்ணன் என்ன செய்கிறான் என்று அவர்களும் கேட்பார்களே என்று பயந்தேன்.

ஒரு பத்திரத்தில் பாத்தியம் என்று ஒரு சொல் வந்தால், எந்தப் பாத்தியம், நடைபாதைப் பாத்தியமா, நீர்ப் பாத்தியமா என்று விற்கிறவனையும் வாங்குகிறவனையும் எதிரெதிரே உட்காரவைத்து மூன்று தரம் கேட்காமல் நான் எழுதினதில்லை. அப்படிப்பட்டவன், தன் பிள்ளையின் வாழ்வு தொங்குகிற ஒரு சொல்லுக்கு, அர்த்தம் தெரிந்த ஆள் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று தெரிந்தும், காத்திருக்கவில்லை. ஏன் என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோல் வேலை செய்து பிழைக்கிறவர்கள் மேல் என் மனதில் இருந்த இளக்காரம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பத்திரம் எழுத வருகிற அவர்களை நான் வாசல்படிக்கு வெளியே நிற்கவைத்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? அவர்களுக்கு நான் செய்த அநியாயம் சுற்றிக்கொண்டு வந்து உன் தலையில் விழுந்தது. தென்காசிச் சம்பந்தமும் கூடிவரவில்லை.

நீ சிவகிரியிலிருந்து வந்தாய். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனைக்குப் போனாய். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுவார். மூன்று வாரம் கழித்து, நீ ரயிலடிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர்களிடமிருந்து இரண்டாவதாக ஒரு உறை வந்தது. அதை நான் பிரிக்கக்கூட இல்லை. வெந்நீர் அடுப்பில் போட்டேன். அடுத்த மாதப் பத்திரிகையில் தேர்வானவர்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். அன்றும் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாய். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "எனக்குத் தகுதி காணாது போலப்பா." அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "விடுலே, நம்ம ஊருக்காரனுக்கு யாரு குடுப்பா" என்று சொல்லி உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். இதைவிடக் கேடுகெட்ட காரியம் என் ஆயுளில் நான் செய்ததில்லை.

விருதுநகர் பருத்திக் கம்பெனியில் குமாஸ்தாவாக நீ போனபோது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டாய். போன வருஷம் கார்த்திகைக்கு ஊருக்கு வந்திருந்தாயே, நாம் இருவரும் ரயிலடியிலிருந்து நடந்து வந்தோம். தலைக்கு நேர் மேலே ஒன்று தாழப் பறந்து போனது. வெள்ளை. எனக்கே தெரிந்தது, அது ஆண். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. பருத்தி விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாய். உன்னைத் தோல் வேலையிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மேலே நோட்டுகள், நடுவில் பத்திரிகைகள், அடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்ததும் சூடத்தின் வாசனை. உள்ளே வேப்பிலைச் சருகுக்கு நடுவில் ஒரு பனங்காடைப் பறவை மல்லாக்கப் படுத்திருந்தது. உயிருள்ளதுபோல் அந்த நீலம் அப்படியே இருந்தது. கண் இருந்த இடத்தில் மட்டும் பஞ்சு. காலில் நூலால் ஒரு சீட்டு. உன் கையெழுத்து. பறவையின் பெயர், இளையரசனேந்தல் ரஸ்தா என்று இடம், தந்திக் கம்பியில் மோதி இறந்து கிடந்தது என்ற குறிப்பு. அதற்குக் கீழே இங்கிலீஷில், ஸ்கின் நம்பர் மூன்று.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகைகளைப் புரட்டினேன். ஒன்றில் படம் போட்டு எல்லாம் விளக்கியிருந்தது. இறந்த பறவையின் உட்புறத்தை எடுத்துவிட்டு, படிகாரம் தடவி, பஞ்சு வைத்துத் தைத்து, இடமும் நாளும் எழுதிக் கட்டி வைப்பது. அப்படி வைத்தால் நூறு வருஷம் கழித்து ஒருவன் வந்தும் அதைப் பார்த்துப் படிக்கலாமாம். அதற்குப் பெயர்தான் ஸ்கின். நீ அதை நம் வீட்டிலேயே, எனக்குத் தெரியாமல், சமையலறைக்கு இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்து மூன்று தரம் செய்திருக்கிறாய். தையல் எவ்வளவு பொடியாக இருந்தது தெரியுமா? உன் அம்மாவின் ஊசியைத்தான் எடுத்திருப்பாய். அந்தக் காலத்தில் ஊசியைக் காணோம் ஊசியைக் காணோம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பறவையைக் கையில் எடுத்தேன். நீ நினைக்கிற மாதிரி அருவருப்பு ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாளே சங்கத்தின் காரியதரிசிக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு வரிகூடப் பூசி மெழுகாமல். என் மகனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். அவர் பதில் வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு உன்னை நன்றாக நினைவிருக்கிறது. வந்த மனுக்களில் உன்னுடையதைத்தான் முதலாவதாக வைத்திருந்தார்களாம். விருப்பமில்லை என்று பதில் வந்ததை நம்ப முடியாமல், ஏதாவது கஷ்டம் என்றால் சொல், காத்திருக்கிறோம் என்று இரண்டாவது கடிதம் போட்டாராம். அதுதான் நான் அடுப்பில் போட்டது. பயிற்சிக்கு வயது வரம்பு இருக்கிறது, நீ அதைத் தாண்டிவிட்டாய், தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுதியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கடிந்து எழுதவில்லை. ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் மட்டும் கேட்டிருக்கிறார், அந்தப் பருந்துகள் இன்னும் வருகின்றனவா, உங்கள் பக்கத்திலிருந்து மூன்று வருஷமாக எங்களுக்கு யாரும் எழுதவில்லை என்று.

அதற்காவது பதில் எழுதலாம் என்று போன வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நீ நிறுத்திய இடத்திலேயே நின்றேன். வந்தன, மகனே. பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணினதையே எண்ணுகிறேனா என்று குழம்பிவிட்டது. கண்ணும் நனைந்துவிட்டது. ஆட்டுக் கிடைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, இங்கன ஒரு தம்பி சைக்கிள்ல வருமே, நோட்டும் கையுமா. அதுக்குச் சொகமில்லியா? இப்பம்லாம் காணலியே" என்றார். விருதுநகரில் நல்ல வேலையில் இருக்கிறான் என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனிமேல் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம், எதிலும் தேறாதவன் என்று உன்னைப் பற்றிச் சொல்லாதே. பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே அப்படித்தான் சொன்னாய், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்தேன். கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதையும் நீயே சொல். வேண்டாம் என்றால் உன் அம்மாவையும் தங்கையையும் ரயிலேற்றி விட்டுவிட்டு நான் இங்கேயே இருப்பேன். உடம்பு சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். நோட்டுகளை அடுப்பில் போடவில்லை. உன் அறைக்கு வெள்ளையும் அடிக்கவில்லை.

நேற்றுக் காலைதான் உன் அம்மாவிடம் சொன்னேன். ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை அசைக்காமல் கேட்டாள். என்மேல் பாய்வாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அப்பம் எம்புள்ள ஜெயிச்சிருந்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "மொதலாவதா?" ஆமாம், முதலாவதாக. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, டப்பாவில் இருந்த சீனியை ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். தெருவில் இறங்கி எதிர்வீட்டில் சொல்வது எனக்கு உள்ளே கேட்டது. "எம்மவனுக்கு வடக்க பெரிய வேல கெடச்சிருந்துச்சாம், எல்லாருக்கும் மொத ஆளா இவனத்தான் எடுத்தாவளாம்." மூன்று வருஷத்துக்கு முந்திய செய்தி என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, கண்ணெல்லாம் வீங்கித் திரும்பி வந்தாள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. நான் கையை நீட்டிவிட்டேன், என்ன நினைத்து நீட்டினேனோ தெரியவில்லை. "ஒங்களுக்கு இல்ல" என்றாள். அது உன்னுடைய பங்காம், தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

அப்பா